640 பவுண் போனது: படகுக்குப் பேப்பர் எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

வயிறு எரிந்துகொண்டு எழுதுகிறேன். எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் படகோட்டிப் போவதற்கான பத்திரங்களை எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு இணையத்தளம் என்னிடம் 640 பவுண் வாங்கிக்கொண்டு, பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகளுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க வைத்துவிட்டது.

பிரித்தானியக் கடலுக்குள் சொந்தப் படகை ஓட்டிக்கொண்டிருக்கும் வரை பதிவு கட்டாயமில்லை. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் போவதென்றால் பதிவு வேண்டும். தேடியபோது முதலில் வந்தது இவர்களுடைய தளம். கிரீடம் போட்ட சின்னம், அரசாங்கத் தளம் மாதிரியே நிறம், எழுத்து. பதிவுச் சான்றிதழ், படகு ரேடியோவுக்கு லைசென்ஸ், வாட் வரி கட்டியதாக ஒரு சான்றிதழ், சர்வதேச மாலுமி அட்டை, நான்கும் ஒரே பொதியாக 640 பவுண்.

விலையைப் பார்த்துத் தயங்கித்தான் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எங்கட ஆக்களுக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யப் போறம்?" என்றார். படகின் நீளம், என்ஜின், எந்தத் துறைமுகத்துக்குப் போகிறோம் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் மனிசிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றதும் இஞ்சி கொண்டுபோகச் சொன்னார். இஞ்சி வைத்தியம் சொல்கிற ஒருவரை எப்படிச் சந்தேகப்படுவது? கார்டில் கட்டினால் மேலதிகக் கட்டணம் வரும், வங்கிக்கு நேரே போடுங்கள் என்றார். போட்டேன். (கார்டுக்கு மேலதிகக் கட்டணம் கேட்பது இந்த நாட்டில் 2018 ஜனவரியிலிருந்தே தடை. இதைப் பிறகு ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியும்.)

தபாலில் அழகான ஒரு கோப்பு வந்தது. பிளாஸ்டிக் உறை, தங்க முத்திரை, ஒன்றிலும் குறையில்லை.

பிரான்சில் படகைக் கட்டிய கொஞ்ச நேரத்திலேயே சுங்கக்காரர்கள் ஏறினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கடவுச்சீட்டு சரி, காப்புறுதி சரி. பதிவுச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பிரதி, மூலப்பத்திரம் எங்கே?" என்றார் ஒருவர். அடியில் பொடி எழுத்தில் "மூலம் பரிசீலனையில்" என்று இருந்தது. தண்டம் எழுதித் தந்தார்கள். அந்தக் காசை இந்த 640 பவுணோடு நான் சேர்க்கவில்லை.

திரும்பி வந்ததும் கார்டிஃபில் இருக்கும் கப்பல் பதிவகத்தைக் கேட்டேன். என் படகின் பெயரில் ஒரு விண்ணப்பமே போகவில்லை. அங்கே நாமே நேரடியாகப் பதிந்தால் சிறு கப்பல் பதிவேட்டில் ஐந்து வருடத்துக்கு அப்போது 35 பவுண்தான். ரேடியோ லைசென்ஸ், தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்கொம் தளத்தில் இலவசம். ஆக, 35 பவுண் வேலையைச் செய்யாமல் விட்டதற்கு 640 பவுண்! அந்த வாட் சான்றிதழ் அவர்களே அச்சடித்த காகிதம், எந்தச் சுங்கத்திலும் அதற்கு மதிப்பில்லை. வாட் கட்டியதற்கு ஆதாரம் என்றால் வரி காட்டிய பழைய விலைப்பட்டியல்தான். பிரித்தானியாவில் வசிப்பவர் பிரித்தானியக் கொடியோடு போனால், வாட் கட்டாமலே 18 மாதம் வரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தற்காலிக அனுமதியில் படகை வைத்திருக்கலாம் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. மாலுமி அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். சோதனை இல்லாமல், பயிற்சிச் சான்றிதழும் கேட்காமல் ஐசிசி என்ற உண்மையான சர்வதேசப் படகோட்டும் தகுதிச் சான்றிதழை யாரும் தரமாட்டார்கள்.

அதன்பின் நடந்த அலைக்கழிப்பு இருக்கிறதே! முதலில் "பிரெஞ்சுக்காரர் அப்பிடித்தான் அண்ணை, சும்மா வெருட்டுவினம்." அடுத்து "பதிவகத்தில சுணக்கம்." விண்ணப்பமே போகவில்லையாமே என்று கேட்டதும் தமிழ் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல்: நாங்கள் வாங்கியது ஆலோசனைக் கட்டணம், பத்திரத்துக்கு உத்தரவாதம் இல்லை, நிபந்தனைகளைப் பார்க்கவும். காசைத் திருப்பித் தரச் சொன்னபோது அடுத்த தடவை புதுப்பிக்க 50 பவுண் கழிவு தருகிறோம் என்றார்கள். அடுத்த தடவையாம்! இப்போது வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்தாயிற்று. என் வங்கியோ இது மோசடி இல்லை, வியாபாரத் தகராறு என்று கைகழுவுகிறது. 640 பவுண் அந்தரத்தில் நிற்கிறது.

படகுப் பத்திரங்களைப் பற்றி விரிவாக ஒரு வழிகாட்டி எழுதுவதாகச் சிலருக்குச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவும்:

முகவரி கவ்.யூகே (gov.uk) என்று முடியாத எந்தத் தளத்திலும் பதிவுக்குக் காசு கட்டாதீர்கள். தேடலில் "விளம்பரம்" என்று போட்டிருப்பதைத் தாண்டிக் கீழே போங்கள்.

பதிவு, காப்புறுதி, ரேடியோ லைசென்ஸ், ரேடியோவை இயக்குபவருக்கான சான்றிதழ், வாங்கிய பில் எல்லாம் மூலப்பத்திரங்களாகவே படகில் இருக்கட்டும். சிறு கப்பல் பதிவேடு உடைமைக்கு ஆதாரம் ஆகாது, அதனால் விற்பனைப் பத்திரத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிரான்சின் உள்நாட்டுக் கால்வாய்களுக்குள் போகிறவர்களுக்கு ஐசிசியோடு செவ்னி (ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழி விதிகள்) தேர்வும் வேண்டும். அதை யாராவது தபாலில் விற்கிறேன் என்றால் தொலைபேசியை வையுங்கள்.

100 பவுணுக்கு மேல் விலை போட்ட எதையும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டுக்காரரிடமே கேட்கலாம். வங்கிக்கு நேரே போட்ட என் 640 பவுணுக்கு அந்த வழி கிடையாது.

தளத்தின் பெயரை இங்கே போட முடியாது. முறைப்பாடு போயிருக்கிறது.