மனசுக்குள் படம் ஓட்டும் வகுப்பு: 5க்கு 3 நட்சத்திரம்

மனம் வெளியுலகத்தை எப்படி உள்ளே வைத்துக்கொண்டு பார்க்கிறது, யோசிக்கிறது என்பதைப் பற்றி 10 பாடங்கள் கொண்ட ஒரு ஆன்லைன் வகுப்பை நானும் அக்காவும் சேர்ந்து முடித்தோம். வகுப்பு ஆங்கிலத்தில், தமிழ் சப்டைட்டில் உண்டு. அதில் 'மனப் பிரதிநிதித்துவம்' என்று வரும்போதெல்லாம் எனக்குத் தேர்தல் ஞாபகம்தான் வந்தது. வெளியே இருக்கும் ஒரு பொருளுக்குப் பதிலாக மனம் உள்ளே வைத்துப் புழங்குகிற பதிலி, அவ்வளவுதான் விஷயம்.

ஆரம்பப் பாடங்கள் பரவாயில்லை ரகம். 1889இல் வந்த முல்லர்-லையர் கோடுகளை (இரண்டும் ஒரே நீளம்தான், ஆனால் முனைகளில் அம்புக்குறி ஒன்றில் உள்ளேயும் ஒன்றில் வெளியேயும் திரும்பியிருப்பதால் ஒன்று நீளமாகத் தெரியும்) அச்செடுத்துக்கொள்ளத் தருகிறார்கள். ஸ்கேல் வைத்து அளந்தேன், இரண்டும் 9 சென்டிமீட்டர். ஸ்கேலை எடுத்ததும் ஒன்று பழையபடி நீண்டுவிட்டது. சமம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் அந்தச் சேதி கண்ணுக்குப் போய்ச் சேரவே மாட்டேன் என்கிறது.

நாலாவது பாடம் அருமை. 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் செய்த சோதனையைத் திரையிலேயே நம்மைச் செய்ய வைக்கிறார்கள்: கட்டைகளை ஒட்டி வைத்த மாதிரி இரண்டு உருவங்கள், இரண்டும் ஒன்றுதானா, இல்லை கண்ணாடி பிம்பமா என்று சொல்ல வேண்டும். ஒன்று எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப பதில் சொல்ல நேரம் கூடிக்கொண்டே போகிறது. அவர்கள் கணக்குப்படி நொடிக்கு ஏறக்குறைய 60 டிகிரி. மனசுக்குள் எதையோ நிஜமாகவே திருப்புகிறோம் போல என்று தோன்றிவிடும்.

ஆனால் ஐந்தாவது பாடத்தில் ஒரு அரை நிமிடம் வந்துபோகும் சங்கதிதான் வகுப்பிலேயே சிறந்தது. வாத்தாகவும் முயலாகவும் தெரியுமே ஒரு படம், அதை 1985இல் சேம்பர்ஸ், ரைஸ்பெர்க் இருவரும் ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் காட்டி மறைத்துவிட்டு, மனசில் இருக்கிற படத்தில் இன்னொரு மிருகம் தெரிகிறதா என்று கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் இதைக் கல்லூரியில் படிக்கும் அக்கா பையனிடம் செய்து பார்த்தேன், நல்லவேளை அவன் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. "வாத்துதான் மாமா, வேற என்ன இருக்கு?" என்று கண்ணை மூடிக்கொண்டு சாதித்தான். சரி, ஞாபகத்திலிருந்து வரைடா என்று பேனாவைக் கொடுத்தேன். அலகை வரைந்து, கண்ணுக்குப் புள்ளி வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினான். "மாமா, இது காது!"

யோசித்துப் பாருங்கள், தாளில் அவனுக்குத் தெரிந்தது மனசில் ஏன் தெரியவில்லை? உள்ளே இருந்தது வெறும் படமாக இருந்தால் அங்கேயே தெரிந்திருக்க வேண்டும், 'இது வாத்து' என்று பெயர் எழுதி ஒட்டித்தான் உள்ளே போயிருக்கிறது. (பிற்பாடு செய்த சோதனைகளில் குறிப்புக் கொடுத்தால் சிலருக்கு மனசிலேயே மாறியது என்பதையும் சொல்லியிருக்கலாம்.) இவ்வளவு பெரிய விஷயத்தை அரை நிமிடத்தில் தாண்டிவிட்டு, அடுத்த பாடத்திலேயே மனசு ஒரு திரை, அதில் படம் ஓடுகிறது என்று பழைய பாட்டுக்கே போய்விடுகிறார்கள். மனசிலுள்ள தீவு வரைபடத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக, தூரத்துக்கேற்ப நேரம் கூடுகிறது என்று காட்டிய காஸ்லினின் 1978 சோதனைக்கு முழுப் பாடம். உள்ளே இருப்பது படமல்ல, வாக்கியம் மாதிரியான விவரம்தான் என்று அவரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய பிலிஷினுக்கு ஒரு வரி. பார்ப்பதற்கு உள்ளே பதிலியே தேவையில்லை என்ற உளவியலாளர் கிப்சன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எலிக்கு மனசில் வரைபடம் உண்டு என்று 1948இல் டோல்மன் எழுதியதும், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது அதன் மூளையில் அந்த இடத்துக்கென்று தனி செல் துடிப்பதைக் கண்டதற்கு ஓகீஃபுக்கு 2014இல் நோபல் கிடைத்ததும் வருகிறது, வேகமாக.

இப்போது அக்கா கதை. 7ஆம் பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சி: கண்ணை மூடி ஒரு குதிரையை நினையுங்கள், எவ்வளவு தெளிவு என்று 1 முதல் 5க்குள் போடுங்கள். அக்கா 1 போட்டாள். 'மீண்டும் முயற்சி செய்யுங்கள்' என்று வந்தது. திரும்பவும் 1. திரும்பவும் அதே வரி. "எனக்குப் படமே வராதுடா, இருட்டுதான். உனக்கெல்லாம் நிஜமாவே தெரியுதா?" என்றாள். இத்தனை வருஷம் கூடவே வளர்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. அவள் சொன்னதற்கு அஃபான்டேசியா என்று 2015இல் ஆடம் சீமன் குழு பெயர் வைத்தது. இப்படிப்பட்டவர்கள் அந்தக் கட்டைத் திருப்பும் சோதனையைச் சரியாகவே செய்கிறார்கள், அக்காவும் என்னைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கினாள். படம் ஓடாத மனசும் யோசிக்கிறது என்பதற்கு உயிருள்ள சாட்சி இங்கே உட்கார்ந்திருக்க, வகுப்பு அவளை அடுத்த பாடத்துக்கு விடவில்லை.

உதவிப் பிரிவுக்கு எழுதினோம். அமைதியான இடத்தில் உட்கார்ந்து முயற்சி செய்யச் சொல்லிப் பதில் வந்தது. கடைசியில் அக்கா 5 போட்டாள். சான்றிதழ் வந்துவிட்டது, 'மிகச் சிறந்த மனக்காட்சித் திறன்' என்று அவள் பெயரோடு. எனக்கு வந்ததில் அந்த 'மிக' கிடையாது.