விண்டோஸ் 11-இல் எஃப்எஸ்எக்ஸ்: பறக்கிறது, மெனுவைத் தொடாதவரை

நண்பர் ஒருவர் அண்மையில் புதிய கணினி வாங்கினார். விண்டோஸ் 11 இயங்கும் அந்தக் கணினியில், தம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் எஃப்எஸ்எக்ஸ் (விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) டிவிடிகளை நிறுவினால் ஓடுமா, நிறுவுவது தகுமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். ஓடும் என்று முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. அதே சிமுலேட்டரை விண்டோஸ் 7, 10, 11 என ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் கூடவே கொண்டுவந்து இன்றுவரை பயன்படுத்திவருகிறேன் என்பதால், அந்தப் பதிலை விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் என்னென்ன விமானங்கள் இருக்கின்றன, வரைகலை எப்படி இருக்கும் என்பனவெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தவையே. 2006 அக்டோபரில் வெளிவந்த 32-பிட் மென்பொருள் அது என்பதையும், அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்டின் ஏசஸ் குழு 2009-இன் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டுவிட்டது என்பதையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். விண்டோஸ் 7 கடைக்கு வந்தபோது அதற்கேற்ப இதைத் திருத்தித்தர அந்தக் குழு இல்லை. நான் கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

நிறுவுவதில் சங்கடம் எதுவும் இல்லை. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையைத் தவிர்த்துவிட்டு, சி டிரைவில் தனியாக ஒரு கோப்புறை உண்டாக்கி அதில் நிறுவ வேண்டும். இல்லையென்றால் பின்னர் சேர்க்கும் விமானங்களும் நிலக்காட்சிகளும் தம் கோப்புகளை எழுத முயலும்போதெல்லாம் விண்டோஸ் அனுமதி மறுக்கும். சர்வீஸ் பேக் எனப்படும் திருத்தத் தொகுப்புகளை எஸ்பி1, அதன்பின் எஸ்பி2 என்ற வரிசை மாறாமல் நிறுவ வேண்டும். ஆக்சிலரேஷன் என்னும் விரிவாக்கத் தொகுப்பு கையில் இருந்தால் எஸ்பி2 தனியாகத் தேவைப்படாது. இதற்கு முந்தைய எஃப்எஸ் 2004-ஐ வைத்திருப்பவர்களின் நிலைதான் பரிதாபம். அதன் வட்டு சேஃப்டிஸ்க் என்னும் நகல்தடுப்பு முறையை நம்பியிருந்தது. அதற்குத் தேவையான டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று விண்டோஸ் 10-இலிருந்து விலக்கப்பட்டுவிட்டதால், காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டே அங்கு வேலை செய்யாது. எஃப்எஸ்எக்ஸுக்கு அந்தக் கதி நேரவில்லை.

என் மனக்குறையெல்லாம் மெனுவைப் பற்றியதுதான். பறந்துகொண்டிருக்கும்போது ஆல்ட் விசையை அழுத்தினால் திரையின் மேல்விளிம்பில் மெனுப் பட்டை தோன்றும். வானிலையை மாற்றவும், எரிபொருளைக் கூட்டவும், பகலை இரவாக்கவும், வரைபடத்தைப் பார்க்கவும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே அமர்வில் அந்தப் பட்டையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு தடவை சிமுலேட்டர் முழுவதும் முடங்கிப்போகும். எந்தத் தடவை என்பதற்கு ஒரு கணக்கு இருந்தாலாவது எச்சரிக்கையாக இருக்கலாம். அப்படியொரு கணக்கும் கிடையாது.

அது எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். கிங் ஏர் 350-இல் மணிக்கணக்காகப் பறந்தாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்துக்கு இறங்கி, கருவிகளின் துணையோடு இறங்க உதவும் ஐஎல்எஸ் அலைவரிசையை வைத்து, ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோகலைசர் ஊசி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகரத் தொடங்குகிறது. மேகம் மிகவும் தாழ்ந்திருக்கிறதே, அடித்தளத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம் என்று ஆல்ட் விசையை அழுத்தி, வேர்ல்ட் மெனுவைத் திறக்கிறேன். பட்டியல் விரிந்தது விரிந்தபடியே நின்றுவிடுகிறது. இன்ஜின் ஒலி ஒரு சிறு துண்டாகச் சுருங்கி அதையே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. சிறிது நேரத்தில் விண்டோஸின் முகப்புத் திரை வந்து நிற்கிறது. பிழைகளைப் பதிவுசெய்யும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தால், பழுதான மாட்யூல் என்ற வரியில் ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர்தான் இருக்கும்: யூஐஆட்டோமேஷன்கோர்.டிஎல்எல்.

இந்தக் கோப்பு சிமுலேட்டருடையது அல்ல, விண்டோஸுக்கு உரியது. பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள்கள், எந்த மெனு திறந்திருக்கிறது, எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு இதன்மூலம்தான் நடக்கிறது. மிகவும் அவசியமான வேலை. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. விஸ்டாவுக்கு அடுத்துவந்த விண்டோஸ் 7-இல் இந்தக் கோப்பு மாறியது. மாறிய வடிவத்தோடு எஃப்எஸ்எக்ஸின் மெனுப் பட்டை ஒத்துப்போகவில்லை. அந்த ஒவ்வாமையே அன்றிலிருந்து இன்றுவரை இயங்குதளம் விட்டு இயங்குதளம் தொடர்ந்து வருகிறது.

தீர்வு இருக்கிறது, பழைய பயனர்களுக்கு அது தெரிந்ததும்கூட. விஸ்டா காலத்தைச் சேர்ந்த அதே பெயருடைய கோப்பின் 32-பிட் வடிவத்தை, சிமுலேட்டரின் இஎக்ஸ்இ கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அங்கேயே வைத்துவிட வேண்டும். ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய இத்தகைய கோப்பைத் தேடும்போது தன் சொந்தக் கோப்புறையைத்தான் முதலில் பார்க்கும் என்பதால், எஃப்எஸ்எக்ஸுக்குப் பழைய கோப்பு கிடைக்கும். கணினியில் உள்ள மற்ற மென்பொருள்கள் விண்டோஸின் புதிய கோப்பையே வழக்கம்போலப் பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் கோப்புறையில் இருக்கும் கோப்பை மட்டும் யாரும் மாற்றிவிடக் கூடாது. டிஎல்எல் கோப்புகளை அள்ளிக்கொடுக்கும் முகம்தெரியாத இடங்களிலிருந்து இதை எடுப்பதும் ஆபத்து; பழைய விஸ்டா வட்டோ கணினியோ இருந்தால் அதிலிருந்து எடுப்பதே நல்லது. எங்கிருந்து எடுத்தாலும், கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து, பிராபர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இதைச் செய்தபின் என் கணினியில் முடக்கம் வெகுவாகக் குறைந்தது, அடியோடு ஒழியவில்லை. எப்போதாவது ஒருமுறை, அதுவும் நீண்ட பயணத்தின் கடைசியில், வந்துவிடுகிறது. அதனால் மெனுவையே தொடாமல் பறப்பதற்குப் பழகிக்கொண்டேன். புறப்படும் முன்பே வானிலையையும் எரிபொருளையும் நேரத்தையும் தீர்மானித்துவிடுவேன். இறக்கம் தொடங்கும் முன் அரைப்புள்ளி விசையை அழுத்திப் பயணத்தைச் சேமித்துவிடுவேன். நிறுத்தி வைக்க பி, இருப்பிடமும் ஃபிரேம் வேகமும் தெரிய ஷிஃப்ட்டோடு இசட் என்று எல்லாவற்றுக்கும் விசைகளையே நாடுகிறேன். ஒரு பயன் உண்மையிலேயே கிடைத்திருக்கிறது: நடுவழியில் வானிலையைத் திருத்திக்கொள்ளும் சலுகை இல்லாதபோது, தாழ்ந்த மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் திறமை கைவந்துவிடுகிறது. ஆனாலும் மெனுவை அஞ்சி அஞ்சித் திறக்க வேண்டிய நிலை எந்த மென்பொருளுக்கும் அழகில்லை என்ற என் கருத்து மாறவில்லை.

ஜாய்ஸ்டிக் விஷயம் இதைவிடச் சிறியது, சரியாக்கவும் முடிந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவிகளை விண்டோஸ் உறங்கவைக்கும். ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு நாம் கையை எடுத்திருக்கும் நேரத்தில் ஜாய்ஸ்டிக்கும் உறங்கிப்போனால், எஃப்எஸ்எக்ஸ் அதை மீண்டும் அடையாளம் காணாமலே போகலாம். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, மின்சேமிப்புக்கான குறியீட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது. புதிதாக இணைத்த ஜாய்ஸ்டிக் செத்ததுபோல அசையாமலிருந்தால், கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் சென்சிட்டிவிட்டி என்ற அளவுகோல் இடக்கோடியிலும் நல் சோன் (அசைவைப் பொருட்படுத்தாத நடுப்பகுதி) என்பது வலக்கோடியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னதை வலக்கோடிக்கும் பின்னதை இடக்கோடிக்கும் தள்ளியதும் உயிர் வந்துவிடும்.

புதிய கணினியில் 32 ஜிபி நினைவகம் இருப்பதால் நினைவகப் பற்றாக்குறை வராது என்று நண்பர் நம்பிக்கொண்டிருக்கிறார். 64-பிட் விண்டோஸிலும் ஒரு 32-பிட் மென்பொருள் அதிகபட்சம் 4 ஜிபி முகவரி வெளியைத்தான் ஆளமுடியும். குளம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் கையிலிருப்பது ஒரு குடம்தான். நுணுக்கமான பெரிய ஜெட் விமானம், நுணுக்கமான பெருநகரம், தொலைதூரம்வரை விரியும் நிலக்காட்சி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேட்டால், கணினியில் நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்போடு நின்றுவிடும். அமைப்புகளைத் தாங்கும் எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி கோப்பில் கிராஃபிக்ஸ் பகுதியின் கீழ் ஹைமெம்ஃபிக்ஸ்=1 என்ற வரியைச் சேர்ப்பது, கட்டடங்களும் விமானத்தின் பாகங்களும் திடீரென்று மறையும் கோளாற்றைப் போக்கும்; 4 ஜிபி எல்லையை அது உயர்த்தாது. அகலத் திரை வைத்திருப்பவர்கள் டிஸ்ப்ளே பகுதியில் வைட்வியூஆஸ்பெக்ட்=ட்ரூ என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் இதை விடாமல் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்வதே நியாயம். வெளிவந்த காலத்தில் இது எந்தக் கணினியையும் திணறடித்தது. வேலையின் பெரும்பகுதியைச் செயலியின் ஒரே கோரின் தலையில் சுமத்தும் அமைப்பு இதனுடையது என்பதால், கோர்களின் எண்ணிக்கை கூடியதால் கிடைத்த பலன் கொஞ்சம்தான். இன்றைய செயலிகளில் ஒவ்வொரு கோரும் தனித்தனியே அன்றையதைவிடப் பலமடங்கு விரைவாக இருப்பதால், அன்று கனவில் மட்டும் கண்ட சீரான ஓட்டம் இப்போது கிடைக்கிறது. மிதவைகள் பூட்டிய பீவர் விமானத்தில் ஃப்ரைடே ஹார்பர் ஊர் இருக்கும் சான் வான் தீவைச் சுற்றி, அலைகளுக்கு மேல் தாழப் பறந்து நீரில் இறங்கும்போது, எந்த இடத்திலும் காட்சி தடுக்கி நிற்பதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மென்பொருள் தன் முழு அழகைக் காட்டுவது எனக்கு மிகப்பெரிய மகிழ்ச்சி.

எதிர்பாராத மற்றொரு மகிழ்ச்சி, அதன் உலகம் 2006-ஓடு நின்றுவிட்டது என்பது. பெர்லினில் டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008-இலும் டேகல் 2020-இலும் மூடப்பட்டன. எஃப்எஸ்எக்ஸில் இரண்டிலும் இன்றைக்கும் இறங்கலாம். லண்டன் ஸ்டான்ஸ்டெட்டின் ஓடுபாதை, பூமியின் காந்த வடதிசை நகர்ந்ததால் 2009-இல் 05/23 என்பதிலிருந்து 04/22 என்று மாறியது. இங்கே அது பழைய எண்ணோடுதான் இருக்கிறது. இன்றைய வரைபடங்களை வைத்துப் பறக்க நினைப்பவர்களுக்கு இது பெருங்குறை. நான் அந்தக் காலத்து வரைபடங்களையே வைத்து, ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, நிஜ உலகில் ஒவ்வொன்றாக ஓய்வுபெற்றுவரும் விஓஆர், என்டிபி எனும் ரேடியோ வழிகாட்டி நிலையங்களைப் பிடித்துப் பிடித்துப் பறப்பவன். எனக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. இணைய இணைப்பு இல்லாமலே முழு உலகமும் வட்டில் இருக்கிறது. 2020-இல் வந்த புதிய சிமுலேட்டர் தன் நிலக்காட்சிகளை இணையத்தின் வழியே கேட்டுப் பெறுகிறது. அதன் அழகுக்கு ஈடில்லை என்று மனமார ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் நான் திரும்பத் திரும்பத் திறப்பது எஃப்எஸ்எக்ஸைத்தான்.

நண்பருக்கு என் பதில், நிறுவ வேண்டாம் என்பதே. இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான். இதை எழுத உட்காருவதற்குச் சற்று முன்புகூட, நீண்ட பயணமொன்று மெனுவில் மாட்டி முடிந்துபோனது. அந்த எரிச்சல் இந்தப் பதிலில் கலந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் எரிச்சல் தணிந்த பிறகு கேட்டாலும், வேலை முடிந்து ஓய்வாக ஒரு மணி நேரம் பறக்க விரும்பும் அவருக்கு இதைப் பரிந்துரைக்கத் துணியமாட்டேன். பொறுமையாகக் கோப்புகளைத் தேடித் திருத்துவதும் பொழுதுபோக்கின் ஒரு பகுதி என்று நினைப்பவர்களுக்கு மட்டுமே இது இணங்கும். என் கணினியிலிருந்து இதை நான் நீக்கப்போவதும் இல்லை.

அவர் என் பேச்சைக் கேட்காமல் நிறுவிவிடுவார் என்றும் தெரியும். அப்படியானால் டிவிடியைவிட, 2014 டிசம்பரில் வெளிவந்த ஸ்டீம் பதிப்பைப் பார்ப்பது மேல். எஸ்பி2-வும் ஆக்சிலரேஷனும் அதில் சேர்ந்தே வருகின்றன, கேம்ஸ்பை என்னும் இணைய விளையாட்டுச் சேவை மூடப்பட்டதால் நின்றுபோன பலர்கூடிப் பறக்கும் வசதியும் ஸ்டீம் வழியாகக் கிடைக்கிறது. எதை நிறுவினாலும், எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அன்றே, ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதிக்குள் இருக்கும் எஃப்எஸ்எக்ஸ் கோப்புறையை முழுதாக நகலெடுத்து வேறொரு டிரைவில் வைத்துக்கொள்ளட்டும். சிஎஃப்ஜி கோப்பும், கன்ட்ரோல்ஸ் கோப்புறையில் ஜாய்ஸ்டிக் அமைப்புகளைத் தாங்கும் ஸ்டாண்டர்ட்.எக்ஸ்எம்எல் கோப்பும் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸின் பெரிய புதுப்பித்தல் ஒவ்வொன்றுக்குப் பிறகும் யூஎஸ்பி மின்சேமிப்புக் குறியீடுகள் மீண்டும் வந்திருக்கின்றனவா என்று டிவைஸ் மேனேஜரில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பறக்கப் போகட்டும்.