இயற்கை எலி உணவு என்று வாங்கினேன், வந்தது கிளித் தீனி

பொரி, எள்ளு என்று இரண்டு பெண் எலிகள் வளர்த்தேன். இப்போது பொரி மட்டும் இருக்கிறாள்.

எலியா என்று முகம் சுளிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். ஹாம்ஸ்டரோ கினி பன்றியோ வளர்ப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள், இதே பாக்கெட் வேறு ஸ்டிக்கரோடு உங்களுக்கும் வரலாம்.

முதல் நாலு மாதம் நான் போட்டது நாங்கள் சாப்பிடும் சோறும், ஊறவைத்த நாய் பிஸ்கட்டும்தான். அது போதாது என்று தெரிந்துதான் தேடினேன். இன்ஸ்டாகிராமில் ஒரு ஆள். மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை வரிசையில் “நூறு சதவீதம் இயற்கை எலி உணவு” என்றும் போட்டிருந்தார். சிறுதானியம், முளைகட்டிய பயறு, காயவைத்த காய்கறி, ரசாயனம் கிடையாது, எல்லாம் பாட்டி காலத்துப் பக்குவம். கிலோ 480 ரூபாய். இரண்டு கிலோவுக்கு 900 என்று குறைத்தார். “எலிக்குத் தொள்ளாயிரம் ரூபாய்க்குத் தீனியா கண்ணு?” என்றார் அம்மா. நான் கேட்கவில்லை.

வந்ததைப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடிக் கவர், பச்சை ஸ்டிக்கர், அதில் ஒரு எலிப் படம். என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியல் இல்லை. தயாரித்த மாதம் இல்லை, முகவரி இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பெயரில் 14 இலக்க எண் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் சாப்பிடும் உணவுக்கானது, விலங்குத் தீனி அதில் சேராது என்று அப்புறம்தான் தெரிந்தது. எலித் தீனிக் கவரில் அந்த எண் இருந்தாலும் உள்ளே இருப்பதை யாரும் சோதித்ததாக அர்த்தமில்லை.

உள்ளே பாதிக்கு மேல் சூரியகாந்தி விதை. அப்புறம் உடைத்த வேர்க்கடலை, மக்காச்சோளம், கொஞ்சம் கம்பு, கல் மாதிரி காய்ந்த ராஜ்மா. முளைகட்டியது என்று ஒன்றுகூட இல்லை.

இரண்டும் ஆசையாகத்தான் தின்றன. அங்கேதான் ஏமாந்தேன். எலிக்கு முன்னால் கலவையை வைத்தால் கொழுப்பு உள்ளதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை ஒதுக்கிவிடும். காலையில் கிண்ணத்தில் கம்பும் ராஜ்மாவும் கிடக்கும். போதும் போல என்று நினைத்து, அதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவேன். மறுபடி விதையும் கடலையும் போகும். மூன்று மாதத்தில் பொரி சமையலறைத் தராசில் 290 கிராமிலிருந்து 400 கிராமுக்கு வந்துவிட்டாள். கொழுகொழு என்று இருக்கிறாள் என்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வேறு வைத்தேன்.

இரண்டாவது கவரைத் திறந்தபோது காறல் வாடை. கடலைத் துண்டுகளில் சாம்பல் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது, மூலையில் நூலாம்படை மாதிரி புழுக் கூடு. போட்டோ அனுப்பிக் கேட்டேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “ரசாயனம் போடலை மேடம், அதனாலதான் பூச்சி வருது. இயற்கைன்னா அப்படித்தான் இருக்கும். வெயில்ல காயவெச்சுக் குடுங்க.” நான் காயவைத்துக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இரண்டு வாரத்தில் எள்ளு சாப்பாட்டைக் குறைத்தாள். முடி சிலிர்த்து மூலையில் உட்கார்ந்திருந்தாள், கண் ஓரத்தில் சிவப்பாகக் கசிவு. அது ரத்தமில்லை, எலிக்கு உடம்பு முடியாதபோது கண்ணுக்குப் பின்னாலிருக்கும் சுரப்பியிலிருந்து வரும் நிறமி. பக்கத்து ஆஸ்பத்திரியில் எலி என்றதும் சிரித்தார்கள். கோவையில் எலி பார்க்கும் டாக்டரைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆனது.

அவர் கவரை முகர்ந்து பார்த்துவிட்டு மேஜையில் கொட்டினார். “எலிக்கு வாந்தி எடுக்க வராதும்மா. கெட்டது உள்ளே போனா போனதுதான்,” என்றார். கடலையிலும் சோளத்திலும் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தால் பூசணத்தின் ஈரம் போகுமே தவிர நஞ்சு போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததும் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால்தானாம். ராஜ்மாவையும் காட்டினார். பச்சையாகப் போடவே கூடாது, நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அதன் நஞ்சு போகும். நல்லவேளை, இரண்டும் அதைத் தொடவில்லை.

அதற்கு முன்னால் என்ன கொடுத்தீர்கள் என்றார். சோறு என்றேன். சிரித்துவிட்டு குன்னூர்க் கதையைச் சொன்னார். 1920களில் அங்கே ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தாராம். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் முதலிடம். வெள்ளைச் சோற்றை நம்பிய நம் மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி. குன்னூருக்கு எத்தனை தடவை டூர் போயிருக்கிறேன், இது தெரியாது.

எள்ளு நாலாம் நாள் போய்விட்டாள். ஒன்றரை வயது. தீனியால்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை, அறுத்துப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. அதனால் அந்த ஆள் கொன்றார் என்று நானும் சொல்ல மாட்டேன். பூசணம் பிடித்ததை இயற்கை என்று சொல்லித் தின்ன வைத்தார், அவ்வளவுதான் சொல்வேன்.

ஒரு வாரம் கழித்து டவுன்ஹால் பக்கம் ஒரு பறவைத் தீனிக் கடையில் மூட்டை மூட்டையாக அதே கலவையைப் பார்த்தேன். ராஜ்மா உட்பட அதே. “கிளி மிக்ஸ்ங்க, கிலோ நூத்தி நாப்பது,” என்றார் கடைக்காரர். அவர்மேல் தப்பில்லை, கிளிக்கென்று சொல்லித்தான் விற்கிறார். கிலோவுக்கு 310 ரூபாய் அந்த எலிப் படத்துக்குக் கொடுத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் இன்ஸ்டாகிராம் ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார்.

பொட்டலம் கட்டி விற்கும் பொருளில் தயாரிப்பாளர் முகவரி, எடை, மாதம், விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011 விதி இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதிவு செய்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

பொரிக்கு இப்போது ஒரு நாளைக்கு 15 கிராம்தான், எடைபோட்டு. கிண்ணம் காலியாகும்வரை அடுத்தது கிடையாது. தினை, சாமை, ஓட்ஸ்தான் அடிப்படை. வாரம் இரண்டு முறை அவித்த முட்டை, வேகவைத்த பாசிப்பயறு, உப்பில்லாமல் அலசிய நெத்திலி ஒன்றிரண்டு. தினமும் கேரட்டோ முருங்கைக்கீரையோ ஒரு துண்டு. சூரியகாந்தி விதை கையில் வைத்துக் கூப்பிடும்போது இரண்டு, அவ்வளவுதான். புதுசாக எதை வைத்தாலும் முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போய்விடுவாள், எலிகளின் சுபாவம் அது. மூன்றாம் நாள் தின்பாள். எடை 345க்கு இறங்கியிருக்கிறது.

மிச்சமிருந்ததை மொட்டைமாடியில் குருவிக்குப் போடலாம் என்றார் அம்மா. வேண்டாம் என்று கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். ஒரு கைப்பிடி மட்டும் பாட்டிலில் மூடி, பணம் அனுப்பிய ரசீதோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். இதே பச்சை ஸ்டிக்கர் கவர் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.