படகு டிரெய்லர்: தாங்குபலகையா, உருளையா?

படகின் அடிப்பகுதி தண்ணீரில் எல்லாப் பக்கமும் சீராகத் தாங்கப்படுவதற்கென வடிவமைக்கப்பட்டது. டிரெய்லரில் ஏறியதும் அதன் முழு எடையும் சில இடங்களில் மட்டுமே இறங்குகிறது என்பதே, தாங்குபலகையா உருளையா என்ற தேர்வை முக்கியமாக்குகிறது.

தாங்குபலகை டிரெய்லரில் கம்பளம் போர்த்திய நீண்ட மரப்பலகைகள் படகின் நீளவாக்கில் எடையைப் பரவலாகத் தாங்குகின்றன. நகரும் பாகங்கள் குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் படகு மிதந்து விடுபடும் அளவுக்கு டிரெய்லரை ஆழமாகத் தண்ணீரில் இறக்கியாக வேண்டும்.

உருளை டிரெய்லரில் படகு உருண்டு இறங்குவதால், ஆழமற்ற சரிவிலும் ஒருவரே அதைக் கையாள முடியும். எனினும், ஒவ்வோர் உருளையும் சிறு பரப்பிலேயே அழுத்துவதால், நீண்டகாலம் நிறுத்திவைக்கும் ஃபைபர் கிளாஸ் படகில் பள்ளம் விழ வாய்ப்புண்டு. சரிவில் வின்ச் கயிற்றை (படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் சுழல் உருளியின் கயிறு) முன்கூட்டியே கழற்றினால் படகு தானாகவே உருண்டுவிடும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

எதை வாங்கினாலும், எஞ்சின் பொருத்தப்பட்ட பின்சுவர் வரை தாங்கல் நீள வேண்டும்; குறைந்தால் அடிப்பகுதி நாளடைவில் வளைந்துவிடும். எடையைக் கணக்கிடும்போது எஞ்சினையும் எரிபொருளையும் சேர்க்க வேண்டும்: 100 லிட்டர் பெட்ரோலே ஏறத்தாழ 75 கிலோ இருக்கும். ஆழமான இறங்குதளம் கிடைக்குமெனில், கனமான ஃபைபர் படகுக்குத் தாங்குபலகையையே நான் பரிந்துரைப்பேன். ஆழமற்ற கரையில் அடிக்கடி இறக்கி ஏற்றுபவருக்கு உருளையே பொருந்தும்.