கடிதமா, வீடியோ கோலா, வொய்ஸ் மெசேஜா?

பிள்ளை டொரொண்டோவில், தாய் தகப்பன் இலங்கையில், வன்னியின் விசுவமடுவிலோ ஒட்டுசுட்டானிலோ. இவர்கள் கதைக்க எது தோது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் வீடியோ கோல் என்பார்கள். நான் வொய்ஸ் மெசேஜ் என்பேன்.

முதலில் கடிதம், அதைப் புகழாத ஆளே இல்லை என்பதால். சண்டைக் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் எழுதியவர்களைக் கேளுங்கள். குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், தாளை மடித்து ஒட்டவும் கூடாது, நாலு பேர் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுத வேண்டும். "நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல்" என்பதற்குப் பிறகு எதை எழுதுவது? மறுமொழி வருவதற்குள் அந்த நலமும் மாறியிருக்கும். எடுத்துவைத்துத் திரும்ப வாசிக்கலாம் என்பதுதான் கடிதத்தின் ஒரே மேன்மை, ஆனால் 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கடற்கரையில் மாத்தளன் வரை போன சனத்திடம் அந்தக் கடிதக் கட்டுகள் எங்கே மிஞ்சின?

வீடியோ கோலில் பேரப்பிள்ளையின் முகம் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அம்மம்மாமார் போனைப் பிடிக்கிற விதத்துக்கு அந்தப் பக்கம் தெரிவது பாதி நெற்றியும் கூரைத் தகரமும்தான். கவரேஜ் குறைந்த இடத்தில் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே டேட்டா முடிந்துவிடும். இதைவிடப் பெரிய வில்லங்கம் நேரம். கோடையில் டொரொண்டோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மகன் வேலை முடிந்து இரவு 9 மணிக்குக் கோல் எடுத்தால் இங்கே காலை ஆறரை, தகப்பன் வயலில், தாய் அடுப்படியில். எடுக்காவிட்டால் கோபம், எடுத்தால் அவசரம்: சாப்பிட்டாச்சா, காசு வந்துதா, சரி வைக்கிறேன்.

வொய்ஸ் மெசேஜ் வாட்ஸ்அப்பில் 2013 இல் வந்தது. எழுத வராதவருக்கும், டைப் பண்ணக் கண் தெரியாதவருக்கும் மைக்கை அமத்திப் பிடித்தால் போதும். விரல் விலகினால் பாதியிலேயே போய்விடும்தான், அமத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அதை ஒருதரம் பழக்கிவிடுங்கள். பிறகு பாருங்கள், காலபோக நெல்லுக்கு உழுதது, இரணைமடுக் குளத்தில் தண்ணி ஏறினது, பெரியப்பாவோடு வேலிச் சண்டை, இடையில் கோழியை விரட்டுகிற சத்தம், எல்லாம் ஆறுதலாக வரும். கோலில் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? மகன் பஸ்ஸில் இருந்து கேட்பான், விரும்பினால் திருப்பியும் கேட்பான்.

குறை இல்லாமல் இல்லை. இளசுகள் பொறுமையில்லாமல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறார்கள், தாயின் புலம்பல் கிரிக்கெட் வர்ணனை மாதிரிப் போகிறது. செத்தவீட்டுச் செய்தியையும் தயவுசெய்து வொய்ஸில் போடாதீர்கள், அதற்கு நேரம் பார்க்காமல் கோல்தான் எடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு இலக்கம் என்றால் வாயால் சொல்லாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டாவது டைப் பண்ணி அனுப்புங்கள்.