புதுச்சேரியில் பிறப்புக் கோஹார்ட் தரவுப் பயிற்சி: முதல் நாள் அருமை, இரண்டாம் நாள் அவசரம்

ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த குழந்தைகளை (இதுதான் பிறப்புக் கோஹார்ட்) பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து திரட்டிய தரவை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தரும் இரண்டு நாள் பயிற்சி இது. கைப்பழக்கத்துக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு: ஆந்திரம், தெலங்கானாவில் நடக்கும் 'யங் லைவ்ஸ்' ஆய்வு, பிரிட்டனில் 2000–02இல் பிறந்த சுமார் 19,000 குழந்தைகளின் 'மில்லேனியம் கோஹார்ட்'. இரண்டையும் 'யூகே டேட்டா சர்வீஸ்' தளத்தில் அவரவர் பெயரில் பதிவு செய்துதான் இறக்க வேண்டும். பென் டிரைவில் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட உரிமம் இடம் தராது. முன்னறிவிப்பில் இது ஒரே வரியாக இருந்தது. அதைக் கவனிக்காதவர்களுக்கு முதல் நாள் காலை வீண்.

பயிற்சியின் உயிர்நாடி, கோப்புகளை மெர்ஜ் செய்யும், அதாவது ஒன்றாக இணைக்கும் பகுதி. மில்லேனியம் தரவில் எம்சிஎஸ்ஐடி என்பது குடும்பத்தின் எண், குழந்தையின் எண் அல்ல. இரட்டையருக்கு அது ஒன்றே. கூடவே சிஎன்யூஎம் எண்ணையும் சேர்த்தால்தான் பிள்ளை யார் என்று தெரியும். அதை விட்டுவிட்டு ஒன்றுக்கு ஒன்று இணைக்கச் சொன்னால் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் பிழை காட்டி நின்றுவிடும். 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல் மொழியின் சாதாரண மெர்ஜ் கட்டளையோ இரண்டு இரட்டையரை நான்கு வரிசையாக்கிவிட்டுச் சத்தம் போடாமல் நகர்ந்துவிடும். மெர்ஜுக்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இங்கே விரட்டி விரட்டிப் புகுத்துகிறார்கள்.

அடுத்தது விடுபட்ட மதிப்புகளுக்கான குறியீடுகள். −1, −8, −9 எல்லாம் 'பொருந்தாது', 'தெரியாது', 'மறுத்தார்' போன்ற பதில்கள், எண்கள் அல்ல. கொடுத்த கணக்கு பளிச்சென்று இருந்தது: 90 குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை 2.8 கிலோ, மீதி 10 பேருக்கு −9. அப்படியே சராசரி எடுத்தால் 1.62 கிலோ! இந்த அளவுக்கு விழுந்தால் கண்ணில் படும். நூற்றில் ஒருவருக்கு மட்டும் −9 என்றால் 2.68 வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உயர அளவிலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து நீளம், அதன்பின் நிற்கவைத்து உயரம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இரண்டுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம். ஐந்து வயது தாண்டினால் அந்த நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகோலை விட்டு 2007 அளவுகோலுக்கு மாற வேண்டும். இதற்கு நல்ல பயிற்சித்தாள் கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள்தான் குறை. இடையில் விலகிப்போனவர்கள் யார், அவர்கள் இல்லாத குறையை ஈடுகட்ட மீதமுள்ளவர்களுக்கு வெயிட் (கணக்கில் தரும் முக்கியத்துவ எடை) எப்படிப் போடுவது என்பதற்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம்தான். அந்தத் தூக்க நேரத்தில் விடுபட்ட மதிப்புகளைப் பல முறை மதிப்பிட்டு நிரப்பும் மல்டிபிள் இம்ப்யூட்டேஷனும் சேர்ந்துகொண்டது. யங் லைவ்ஸ் இந்தியாவில் 20 இடங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தந்து தேர்ந்த மாதிரி. அதை வைத்து 'இந்தியக் குழந்தைகளில் இத்தனை சதவீதம்' என்று எழுதக் கூடாது. இவ்வளவு முக்கியமான சங்கதியைக் கடைசி ஸ்லைடில் ஓடவிட்டார்கள்.

ஆய்வுக்கேள்வி கையில் உள்ள முனைவர் பட்ட மாணவர்கள் தாராளமாகப் போகலாம். ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை) என்பதே புதிது என்றால் அடுத்த முறை பார்க்கலாம். பிளக் பாயின்ட் குறைவு. எக்ஸ்டென்ஷன் பெட்டி எடுத்துப் போங்கள்.