பாண்டா, போனா, கிளினிக் கொப்பியா?

அப்பாவுக்குக் கையில் கட்டுகிற பாண்ட் ஒன்று வாங்கிக் கொடுத்தது நான்தான். அவருக்குச் சில வருடமாகச் சீனி வருத்தம். "நடவுங்கோ ஐயா" என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்கள். நடக்கிறாரா இல்லையா என்று எண்ணிச் சொல்ல ஒரு சாமான் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

முதல் கிழமையிலேயே ஒரு பின்னேரம் பாண்ட் கிர்ரென்று அதிர்ந்து வாணவேடிக்கை காட்டியது. பத்தாயிரம் காலடி முடிந்துவிட்டதாம். அன்று முழுக்க அவர் செய்தது, வட்டக்கச்சியிலிருந்து பரந்தனுக்கு லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெல்லு மூட்டை ஏற்றி இறக்கி ஓடியதுதான். "இது என்னடா தம்பி, இருந்த இருப்பில நடந்திட்டனாம்" என்று சிரித்தார். அடுத்த நாள் சைக்கிளில் வயலுக்குப் போய், மத்தியானம் வரை மண்வெட்டியோடு நின்று வரம்பு கட்டினார். அன்றைக்குக் காணாது என்று ஒரு சாம்பல் வட்டம்.

பாண்டில் பிழையில்லை. அதற்குக் காலைத் தெரியாது, கையைத்தான் தெரியும். உள்ளே இருக்கும் சின்ன உணரி அசைவின் தாளத்தைப் பிடித்து அதை அடியாக எண்ணுகிறது. லாண்ட்மாஸ்டரின் பிடி கையைக் குலுக்கினால் அதுவும் நடையாகிவிடலாம். சைக்கிள் பிடியில் கை அசையாமல் இருந்தால் எத்தனை கட்டை ஓடினாலும் கணக்கு ஏறாது. கணக்கு, விறாந்தையில் கைவீசி நடக்கிறவருக்காகப் போட்டது.

நான் சந்தைப்படுத்தல் படிப்பிக்கிறவன். இந்தச் சாமான்கள் வாங்குகிறவரின் நல்வாழ்வுக்கு என்ன செய்கின்றன என்பதை வாசிப்பதுதான் இப்போதைய வேலை. அதனால் அந்தப் பத்தாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வைத்திய ஆராய்ச்சியில் பிறந்த இலக்கம் இல்லை. தோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965இல், யமாசா என்ற யப்பானிய நிறுவனம் இடுப்பில் கொழுவுகிற ஒரு எண்ணியை விற்றது. அதன் பெயர் 'மன்போ-கேய்', பத்தாயிரம் அடி மானி. வாயில் நிற்கிற ஒரு விற்பனைப் பெயர், ஐம்பது அறுபது வருடத்தில் வைத்தியரின் கட்டளை மாதிரி ஆகிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழுவினர் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பார்த்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவு. 7,500 அளவில் அந்த நன்மை கூடாமல் நின்றுவிட்டது. அப்பாவின் வயதுக்காரருக்கு உதவுகிற இலக்கம் இதுதான், இதற்கு வாணவேடிக்கை கிடையாது.

போனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே உணரி அதற்குள்ளும் இருக்கிறது, புதுக்காசு தேவையில்லை. ஆனால் வயலில் போன் எங்கே இருக்கும்? பாலை மரத்தில் தொங்குகிற பையில், சாப்பாட்டுப் பாசலோடு. கந்தோரில் இருப்பவருக்கோ மேசைமேல் கிடக்கும். போனோடு நடக்கிறவருக்கு மட்டும் சரி.

விலை கூடிய கைமணிக்கூடுகளும் இருக்கின்றன. பலவற்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சார்ஜ் போட வேண்டும், பாண்ட் என்றால் கிழமைக்கணக்கில் கிடக்கும். எங்களுக்கு அந்த மணிக்கூடு வேண்டாம் என்பேன். அதைவிட ஆபத்து, "ஊசி குத்தாமல் சீனி பார்க்கும்" என்று விற்கிறவை. அப்படித் தானாகவே சீனியை அளக்கிற எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த இலக்கத்தைப் பார்த்து ஒருவர் மருந்தைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் கிளினிக் கொப்பி. அப்பாவின் கொப்பிக்கு மட்டை இரண்டு தரம் மாறிவிட்டது, மழைக்குப் பயந்து பொலித்தீன் உறையில் கிடக்கிறது. திகதி, நிறை, பிரஷர், வெறுவயிற்றுச் சீனி, மருந்து. வைத்தியர் அதைத் திறப்பார், போன மாத இலக்கத்தில் விரலை வைப்பார், அப்பாவை நிமிர்ந்து பார்ப்பார். வேறெந்தக் கருவிக்கும் இந்த நிமிர்ந்து பார்க்கிற ஆள் கிடையாது. பாண்டின் செயலியில் முந்நூறு நாள் வரைபடம் இருந்தாலும் வரிசை நிற்கிற கிளினிக்கில் அதைப் பார்க்க யாருக்கு நேரம்?

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் செய்து 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. நிறை குறைக்க வந்த இளம் வயதினரில் ஒரு பகுதியினருக்கு உடலில் அணிகிற கருவி. மற்றவர்கள் தாங்கள் சாப்பிட்டதையும் செய்த பயிற்சியையும் தாங்களே பதிந்தார்கள். இரண்டு வருட முடிவில் கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ குறைந்திருந்தார்கள், தாங்களே பதிந்தவர்கள் 5.9 கிலோ. வயது வேறு, நாடு வேறு, கருவியும் பழையது. அப்பாவின் கதையோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் தன் கையால் எழுதுகிறபோது மனம் அதில் நிற்கிறது என்பது எனக்கு நம்பக்கூடியதாக இருக்கிறது.

பாண்டுக்கு எதிராக என் மனதில் நிற்பது வேறு விஷயம். டியூக் பல்கலைக்கழகச் சந்தைப்படுத்தல் பேராசிரியர் ஜோர்டன் எட்கின் 2016இல் காட்டியது இது: நடப்பதையும் வாசிப்பதையும் படத்துக்கு நிறம் தீட்டுவதையும் எண்ணத் தொடங்கினால் ஆட்கள் கூடச் செய்கிறார்கள், ஆனால் அதில் கிடைக்கிற சந்தோஷம் குறைகிறது. விருப்பம் வேலையாகிவிடுகிறது, பிறகு தொடர்ந்து செய்யவும் மனம் வருவதில்லை. இதை வாசித்துவிட்டுத் தலையாட்டியவன்தான் நான். ஒரு இரவு பத்து மணிக்கு, நானூறு அடி மிச்சம் இருக்கிறதென்று வளவுக்குள் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நாய் இரண்டு சுற்றுக் கூட வந்துவிட்டுப் படுத்துவிட்டது.

பாண்டை அப்பாவிடமிருந்து வாங்கி வவுனியாவில் கந்தோர் வேலை செய்கிற தங்கச்சிக்குக் கொடுத்தேன். அவளுக்கு அது பொருத்தம். நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறவள், கையை வீசித்தான் நடப்பாள். இலக்கத்தைப் பார்த்து வெட்கப்பட்டு ஒரு தரிப்பிடம் முன்னாலேயே பஸ்ஸால் இறங்கத் தொடங்கினாள். நித்திரைக் கணக்கு மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டது. எழும்பினவுடன் பாண்டைப் பார்த்துவிட்டுத்தான் "நான் நல்லாப் படுக்கேல்லை அண்ணா" என்பாள். அது மூளையைப் பார்க்கிறதில்லை, அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. நல்ல நித்திரை இலக்கத்தைத் துரத்தியே நித்திரையைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்கு 2017இலேயே ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், 'ஓர்த்தோசொம்னியா'. அந்தப் பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

அப்பா தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ரூலர் வைத்து ஒரு நிரல் கீறி, 'நடை' என்று தலைப்புப் போட்டிருக்கிறார். அடிக் கணக்கு இல்லை. "வாய்க்கால் கரை, மதகு மட்டும் போய் வந்தது." அதற்குக் கீழே நேற்றையது: "மழை. போகேல்லை."